சீனாவில் லிபரல்கள் இருந்தார்களா? மொழிபெயர்ப்பு மேசை வழியாக ஒரு விவாதம்

திண்ணைவாசகன்:

எல்லைப் பிரச்சினை இழையில் ஒருத்தர் "சீனாவில் தாராளவாதம்னு ஒண்ணு எப்பவுமே இருந்ததில்லை, கன்பூசியஸை விட்டா நேரா மாவோதான்" என்று போட்டுவிட்டுப் போனார். அங்கே பதில் எழுதினால் பேச்சு அக்சாய் சின்னில் போய்த்தான் முடியும். அதனால் தனி இழை.

இருந்தது ஐயா. ஆட்சியைப் பிடிக்கிற கட்சியாக வளரவில்லை, அவ்வளவுதான். பத்திரிகைகளில் இருந்தது, வகுப்பறைகளில் இருந்தது, எல்லாவற்றையும்விட மொழிபெயர்ப்புகளில் இருந்தது. தலைவர்களை வைத்து இந்த வரலாற்றை எழுதினால் வெறும் தோல்விக் கதை. மொழிபெயர்ப்பாளர்களை வைத்து எழுதிப் பாருங்கள், வேறு மாதிரி வரும். என் வாதம் இதுதான்.

தொடங்கி வைத்தவர் கடற்படை மாணவர் ஒருவர். யென் ஃபூ 1877-ல் பிரிட்டன் போய் கிரீனிச் கடற்படைக் கல்லூரியில் படித்தார். போர்க்கலை கற்கப் போனவர், வெள்ளைக்காரனின் பலம் பீரங்கியில் மட்டும் இல்லை, அவனுடைய சட்டத்திலும் சிந்தனையிலும் இருக்கிறது என்ற முடிவோடு ஊர் திரும்பினார். 1895-க்குள் ஜப்பானிடம் சீனக் கடற்படை சின்னாபின்னமானது. அதன் பிறகு மனிதர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1898-ல் ஹக்ஸ்லி, அடுத்தடுத்து ஆடம் ஸ்மித், ஸ்பென்சர், மில், மோன்டெஸ்க்யூ. சுதந்திரம் பற்றிய மில்லின் நூலை அவர் மொழிபெயர்த்து வைத்திருந்த கைப்பிரதி 1900-ம் ஆண்டு, வெளிநாட்டாருக்கு எதிராக மூண்ட பாக்சர் கலவரத்தில் மற்றப் புத்தகங்களோடு தொலைந்துபோனது. அது எப்படியோ ஒரு மேற்கத்தியர் கையில் சிக்கி, 1903-ல் தபாலில் திரும்பி வந்தது. அப்புறம்தான் அச்சேறியது. பின்னாளில் சீன லிபரல்களின் முக்கியக் குரலான ஹூ ஷி பள்ளி மாணவராக இருந்தபோது அந்த ஹக்ஸ்லியைப் படித்துக் கிறுகிறுத்துப் போய், 'தக்கது பிழைக்கும்' என்ற தொடரிலிருந்துதான் தன் பெயரில் உள்ள 'ஷி'யை எடுத்துக்கொண்டார்.

அடுத்த தலைமுறை, அமெரிக்காவில் படித்துத் திரும்பிய கூட்டம். 1928-ல் ஷாங்காயில் 'தி சைனா கிரிட்டிக்' என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கினார்கள். நடத்தியவர்கள் முழுக்கச் சீனர்கள். அன்றைய ஷாங்காயை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும். நகரின் நடுவே வெளிநாட்டார் நிர்வாகத்தில் சர்வதேசக் குடியிருப்பும் பிரெஞ்சுப் பகுதியும். ஒரு பிரிட்டிஷ்காரனோ அமெரிக்கனோ குற்றம் செய்தால் சீன நீதிமன்றம் அவனைத் தொட முடியாது. ஹுவாங்பூ ஆற்றங்கரைப் பூங்காவுக்குள் 1928 வரை சீனப் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, இந்தச் சலுகைகளை ஒழித்துக்கட்டு என்று அவர்களுடைய மொழியிலேயே வாதாடினார்கள். அதே இதழில்தான் 1930-ல் எழுத்தாளர் லின் யூடாங் 'லிபரல் காஸ்மோபாலிட்டன் கிளப்' என்ற யோசனையை வைத்தார். எந்த நாட்டுக்காரனும் தன் தேசக் கொடியை வாசலில் விட்டுவிட்டு வந்து சரிசமமாக உட்கார்ந்து பேசுகிற சங்கம்.

1935-ல் 'டியன் ஷியா' மாத இதழ் வந்தது. சுன் யாட்-சென்னின் மகன் சுன் ஃபோவின் ஆதரவு, வென் யுவான்னிங் ஆசிரியர். ஷென் ஃபூ என்ற பழைய குமாஸ்தா தன் மனைவியை நினைத்து எழுதிய 'மிதக்கும் வாழ்வின் ஆறு அத்தியாயங்கள்' லின் யூடாங் மொழிபெயர்ப்பில் இதில்தான் வந்தது. ஷென் சோங்வெனின் 'எல்லை நகரம்' வந்ததும் இதில்தான். இருபத்துநான்கு வயதுப் பையன் சியான் ஜோங்ஷு சீன நாடகத்தில் துன்பியல் உண்டா என்று எழுதியதும் இதில்தான். 1937-ல் போர் வந்ததும் ஹாங்காங்குக்கு ஓடியது, 1941-ல் நின்றது.

தேசியவாதியாகவும் இருந்து உலகக் குடிமகனாகவும் இருக்க முடியும் என்று நம்பிய கடைசிக் கூட்டம் இதுதான் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

அரிவாள்மூக்கன்:

வந்துட்டேன்.

நல்லா எழுதியிருக்கீங்க தோழர். ஆனா ஒரு கேள்வி. அந்த ஆங்கில வார இதழை ஷாங்காய்ப் பஞ்சாலையில் வேலை பார்த்த பெண் வாசிச்சாளா? ரிக்‌ஷா இழுத்தவன் வாசிச்சானா? சீனத்தையே வாசிக்கத் தெரியாத ஜனங்கள் பெரும்பான்மையாக இருந்த நாட்டில் ஆங்கிலத்தில் லிபரலிசம் பேசினது யாருக்காக? கொடியை வாசலில் விட்டுட்டு வரலாம், சரி. வாசல் வரைக்கும் வர ரிக்‌ஷாக் காசு யார் கொடுப்பா?

இந்தக் கேள்வியை நான் கண்டுபிடிக்கல. இடதுசாரி எழுத்தாளர் லூ சுன் 1933-லேயே கேட்டுட்டார். உயிர் வாழ்கிற சிறு கட்டுரைன்னா அது குத்துவாளாவும் ஈட்டியாவும் இருக்கணும், பணக்காரன் மேசையில் உருட்டி விளையாடுற அழகுப் பொருளா இருக்கக் கூடாதுன்னு எழுதினார். 1932-ல் லின் யூடாங் ஆரம்பிச்ச நகைச்சுவை இதழ் 'லுன்யு' மேல இருந்த எரிச்சல்தான் அது. அவங்க ரெண்டு பேரும் ஒரு காலத்துல நல்ல சிநேகிதர்கள்.

லூ சுன் லின்னுக்கு ஒரு யோசனையும் சொன்னார். 'உன் ஆங்கிலம் அருமை. இந்தத் துணுக்கு எழுதறதை விட்டுட்டு நல்ல ஆங்கில இலக்கியத்தைச் சீனத்துக்குக் கொண்டு வா, நாட்டுக்கு ஆகும்'னார். லின் சொன்ன பதில்: வயசானப்புறம் பார்த்துக்கலாம். லூ சுன்னுக்குச் சுருக்குனு தைச்சிடுச்சு, தன்னைத்தான் கிழவன்னு சொல்றான்னு. 1934-ல் ஒரு கடிதத்துல இதை எழுதியே வெச்சிருக்கார். 1936-ல் லின் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே சீன ஞானத்தை ஆங்கிலத்துல எழுதிப் பெரும் புகழ் பெற்றார். அதே வருஷம் அக்டோபர்ல லூ சுன் செத்துப்போனார்.

அதனால, மொழிபெயர்ப்புன்னு பொதுவாச் சொல்லாதீங்க. எந்தத் திசையில? உள்ளேயா, வெளியேயா? லூ சுன் தன் எழுத்தின் அளவுக்கே மொழிபெயர்ப்பும் செஞ்சவர். ரஷ்ய, கிழக்கு ஐரோப்பியக் கதைகள், சோவியத் இலக்கியக் கோட்பாடு, கடைசியில கோகோலின் 'செத்த ஆத்மாக்கள்'. பாதி ஜெர்மன் வழியா, பாதி ஜப்பானிய மொழி வழியா. மொழிபெயர்ப்பு லிபரல்களோட பரம்பரைச் சொத்தில்லை.

இன்னொண்ணு. 1932 டிசம்பர்ல சோங் சிங்லிங், சாய் யுவான்பெய், யாங் ஷிங்ஃபோ சேர்ந்து குடிமை உரிமைப் பாதுகாப்புக் கழகம் ஆரம்பிச்சாங்க. லூ சுன்னும் இருந்தார், லின் யூடாங்கும் இருந்தார், ஹூ ஷியும் இருந்தார். சிறையில சித்திரவதைன்னு கழகம் வெளியிட்ட புகாரை ஹூ ஷி 'நானே போய்ப் பார்த்தேன், அப்படி இல்லை'ன்னு பத்திரிகையில மறுத்தார். அரசியல் கைதிகளை நிபந்தனையில்லாம விடுதலை பண்ணுங்கிற கோரிக்கையையும் ஏத்துக்கல. 1933 மார்ச்சில் அவரை நீக்கினாங்க. ஜூன்ல யாங் ஷிங்ஃபோவை ஷாங்காய்த் தெருவுல சுட்டுக் கொன்னாங்க. குண்டு எப்பவும் யார் மேல பாயுதுன்னு பாருங்க.

மேசைவிளக்கு:

நான் மொழிபெயர்ப்பை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவள். அந்தக் கண்ணோடு சில விஷயங்கள்.

அரிவாள்மூக்கன், திசை பற்றிச் சொன்னது சரி. ஆனால் லூ சுன்னின் மொழிபெயர்ப்பை அவர் ஆதரித்த மக்களால் படிக்க முடிந்ததா? 1929-ல் லிபரல் விமர்சகர் லியாங் ஷிச்சியு 'பிறை' இதழில் இதைத்தான் கேட்டார். லூ சுன்னின் சோவியத் கோட்பாட்டு மொழிபெயர்ப்பைப் படிக்கிறவன், நிலப்படத்தில் ஊர் தேடுகிறவன் மாதிரி விரலை வைத்து எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தடவித் தடவிப் போக வேண்டியிருக்கிறது என்றார். லூ சுன் அடுத்த ஆண்டு நீளமாகப் பதில் எழுதினார். வேற்று நாட்டிலிருந்து நெருப்பைத் திருடி வந்தது என் சதையையே வேகவைத்துப் பார்க்கத்தான் என்றார். சீன வாக்கிய அமைப்பு புதிய சிந்தனையைத் தாங்கப் போதாது, அதை முறுக்கி நீட்டியாக வேண்டும், வாசகன் கொஞ்சம் கஷ்டப்படட்டும் என்பது அவர் கட்சி. லியாங்கை 'எஜமானை இழந்த முதலாளித்துவ நாய்' என்று திட்டினதும் அந்தச் சண்டையில்தான். திட்டை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருந்த மொழி பற்றிய கேள்வியைத் தொட ஆளில்லை.

லியாங் பக்கம் பிறகு என்ன ஆனது? 1930 வாக்கில் ஹூ ஷி ஒரு திட்டம் போட்டார்: ஷேக்ஸ்பியர் முழுவதையும் ஐந்து பேர் பிரித்துக்கொண்டு சீனத்தில் கொண்டுவருவது. ஷூ ஜிமோ 1931-ல் விமான விபத்தில் இறந்தார், மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். லியாங் ஒற்றை ஆளாகச் செய்து 1967-ல் தைவானில் நாடகங்கள் முழுவதையும் வெளியிட்டார். ஆரம்பத்தில் காசு எங்கிருந்து வந்தது தெரியுமா? பாக்சர் கலவரத்துக்குத் தண்டமாகச் சீனாவிடம் பிடுங்கிய தொகையில் அமெரிக்கா திருப்பிக் கொடுத்த பங்கிலிருந்து. சீனக் குடியானவனின் வரிப்பணம் வாஷிங்டன் போய்ச் சுற்றி வந்து ஷேக்ஸ்பியருக்குப் படியளந்திருக்கிறது.

மேட்டுக்குடி என்கிறீர்களே, ஜூ ஷெங்ஹாவ் என்று ஒருவர். வெளிநாட்டு மண்ணையே மிதிக்காதவர். பதிப்பக வேலை, கைக்கும் வாய்க்கும் எட்டாத சம்பளம். இவரும் ஷேக்ஸ்பியரைத்தான் எடுத்தார். 1937-ல் ஜப்பான் ஷாங்காயைத் தாக்கியபோது கையெழுத்துப் பிரதிகள் போயின. மறுபடி உட்கார்ந்தார். 1941-ல் மறுபடி போயின. மறுபடி உட்கார்ந்தார். காசநோயோடு, இரண்டு அகராதிகளை வைத்துக்கொண்டு முப்பத்தொன்றரை நாடகம் முடித்து, 1944 டிசம்பரில் 32 வயதில் இறந்தார். சீனாவில் இன்றும் பெரும்பாலானவர்கள் படிக்கிற ஷேக்ஸ்பியர் இவருடையதுதான். எந்த கிளப்பும் இவரைக் கூப்பிட்டிருக்காது.

இன்னொரு கூத்து. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1919-ல் மே 4 மாணவர் போராட்டத்துக்குச் சில நாள் முன்னால் ஷாங்காயில் இறங்கினார். 1921 ஜூலை வரை ஊர் ஊராகப் பேசினார். முக்கியமான சொற்பொழிவுகளுக்கு மேடையில் மொழிபெயர்த்தவர் அவருடைய கொலம்பியா மாணவர் ஹூ ஷி. குறிப்பெடுத்தவர்கள் சீனத்தில் எடுத்தார்கள், பத்திரிகைகளில் போட்டார்கள், புத்தகமாக அச்சுக்கு மேல் அச்சு ஓடியது. டூயியின் ஆங்கில மூலம் அப்போது யார் கையிலும் இல்லை. 1973-ல் அமெரிக்காவில் அந்தச் சொற்பொழிவுகளைப் போட்டபோது சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துத்தான் போட்டார்கள். ஆக டூயியின் சீனப் பேச்சு என்று அமெரிக்கர் படிப்பதில் எவ்வளவு டூயி, எவ்வளவு ஹூ ஷி என்று பிரிப்பது சுலபமில்லை. டூயிக்குப் பின்னாலேயே வந்த ரஸ்ஸலுக்கு மொழிபெயர்த்தவர் ஜாவ் யுவான்ரென். பெரிய மொழியியலாளர், 1922-ல் 'ஆலிஸின் அற்புத உலக'த்தைச் சீனத்தில் தந்தவரும் அவரே. ரஸ்ஸல் சொன்ன சிலேடைக்கெல்லாம் அரங்கம் சிரித்திருந்தால் அந்தப் பாராட்டு இவருக்குத்தான் போக வேண்டும்.

பழையபேப்பர்கடை:

ஹூ ஷி பேரைப் பார்த்ததும் கேக்கணும்னு தோணிச்சு. "ஒரு சிப்பாயைக்கூட அனுப்பாமல் இந்தியா இருபது நூற்றாண்டு சீனாவைப் பண்பாட்டால் ஆண்டது"ன்னு அவர் சொன்னதா வாட்ஸ்அப்புல மாசத்துக்கு ஒரு தடவை வருது. எங்க சித்தப்பா குழுவுல அதுக்கு இருநூறு கும்பிடு. உண்மையாவே சொன்னாரா?

திண்ணைவாசகன்:

அந்த வாக்கியம் அவர் பெயரில் சுற்றுகிறது. அவர் வாதம் என்ன என்பது 1936-ல் ஹார்வர்டின் முந்நூறாவது ஆண்டு விழாவில் பேசிய உரையில் தெளிவாக இருக்கிறது. தலைப்பே 'சீனா இந்தியமயமானது'. சித்தப்பா அதை முழுக்கப் படித்தால் கும்பிட மாட்டார்.

ஹூ ஷிக்கு அது பெருமைக்குரிய செய்தி இல்லை, ஒரு நோய்க்கூறு. தன் பாட்டுக்கு நடைமுறை அறிவோடு இருந்த சீனாவைப் பௌத்தம் துறவுக்கும் மறுபிறப்புக்கும் உடலை வருத்திக்கொள்வதற்கும் திருப்பிவிட்டது என்பது அவர் கட்சி. சீனா அதிலிருந்து மெல்ல மீண்டு வந்தது, அறிவியலும் தொழில்நுட்பமும் மீதி வேலையை முடிக்கும் என்று நம்பினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீன எழுத்தின் வளத்தில் பாதி பௌத்த மொழிபெயர்ப்பாளர்கள் போட்ட உரம். பேச்சுவழக்கு இலக்கியத்துக்குப் பௌத்தக் கதைசொல்லல் செய்த உதவியைப் பற்றி ஹூ ஷியே தன் இலக்கிய வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ஆனால் அவர் நடத்தை வேறு. 1924-ல் தாகூர் சீனா வந்தார். சீர்திருத்தச் சிந்தனையாளர் லியாங் சிச்சாவ் கூட்டம் அழைத்தது, ஷூ ஜிமோ மொழிபெயர்ப்பாளர். 'கீதாஞ்சலி'யிலிருந்து சில பாடல்களை 1915-லேயே சீனத்தில் தந்த சென் டூஷியு, அதற்குள் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். இந்தக் கிழவர் நம் இளைஞர்களைக் கெடுக்க வந்திருக்கிறார் என்று விளாசினார். கூட்டத்தில் துண்டறிக்கை வீசினார்கள். கீழை ஆன்மிகம் என்ற பேச்சே ஹூ ஷிக்கு ஆகாது. ஆனாலும் தாகூரின் பிறந்தநாள் விழாவை முன்னின்று நடத்தினார், மனிதரைப் பேச விடுங்கள் என்று மாணவர்களிடம் வாதாடினார். லிபரல் என்று நான் சொல்வது இதைத்தான். 1933-ல் கழகத்தில் அவர் நடந்துகொண்டது எனக்கும் உவப்பில்லை, அதை மறைக்க நான் வரவில்லை.

கொக்குவில்பெடியன்:

நல்ல இழை அண்ணை. சீன எழுத்தில நான் வாசிச்சது லூ சுன் மட்டும்தான். 1949க்குப் பிறகு இந்த ஆக்களுக்கு என்ன நடந்தது? எல்லாரும் அமெரிக்காவுக்கும் தைவானுக்கும் போயிட்டினமோ? இருந்தவை வாய் திறந்தவையோ?

மேசைவிளக்கு:

தம்பி, பெரும்பாலானவர்கள் போகவில்லை. இருந்தார்கள். வாய் திறக்க முடியாதபோது மொழிபெயர்த்தார்கள். திண்ணைவாசகனின் வாதம் உண்மையில் நிற்கிற இடம் இதுதான். அவர் 1941-லேயே நிறுத்திவிட்டார்.

ஹூ ஷி 1949-ல் அமெரிக்கா போனார். 1955-ல் பீஜிங்கில் அவர் சிந்தனையைக் கண்டித்து எட்டுத் தொகுதி புத்தகம் போட்டார்கள். ஊரில் தங்கிவிட்ட இளைய மகன் அப்பாவைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினான். அதுவும் அவனைக் காப்பாற்றவில்லை. 1957-ல் வலதுசாரி, அதாவது கட்சிக்கு எதிரி, என்று முத்திரை குத்தினார்கள், தற்கொலை செய்துகொண்டான்.

ஃபூ லெய். பாரிஸில் படித்தவர். பால்சாக்கையும் ரொமெய்ன் ரோலந்தையும் சீனத்தில் பேச வைத்தவர். 'ஜான் கிறிஸ்தோஃப்' அவருடையது. ஒரு தலைமுறை இளைஞர்களின் தலையணைக்கடியில் இருந்த புத்தகம். 1937-லிருந்து 41-க்குள் ஒருமுறை மொழிபெயர்த்து வெளியிட்டார், பிடிக்கவில்லை, 1950-களில் முதலிலிருந்து இன்னொருமுறை செய்தார். 1958-ல் வலதுசாரி என்று முத்திரை. வேறு பெயரில் போடுகிறோம் என்று பதிப்பகம் சொன்னது. என் பெயர் இல்லாவிட்டால் புத்தகமும் வேண்டாம் என்றுவிட்டார். வெளியிடாமலே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மகன் ஃபூ சோங் பியானோக் கலைஞன். போலந்தில் படித்தவன் அந்த ஆண்டு லண்டன் போய்விட்டான். மகனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1981-ல் புத்தகமாகி லட்சக்கணக்கில் விற்றன. மோட்சார்ட்டை எப்படி வாசிப்பது என்பதிலிருந்து மேசையில் முள்கரண்டியை எங்கே வைப்பது என்பதுவரை அதில் இருக்கிறது.

1966 ஆகஸ்டு கடைசியில், கலாச்சாரப் புரட்சியில் மாவோவின் இளைஞர் படையான சிவப்புக் காவலர்கள் வீட்டைச் சூறையாடினார்கள். செப்டம்பர் 3-ம் தேதி அவரும் மனைவி ஜூ மெய்ஃபுவும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர் எழுதி வைத்த கடைசிக் கடிதம் ஒரு கணக்குச் சீட்டு மாதிரி இருக்கும். செப்டம்பர் மாத வீட்டு வாடகை 55.29 யுவான், ரொக்கமாக இணைத்திருக்கிறேன். வீட்டு வேலை பார்த்த அம்மாளுக்கு இடைக்காலச் செலவுக்கு 600 யுவான் வைப்புச் சீட்டு. எங்கள் தகனச் செலவுக்கு 53.30. யார் யாரோ பழுதுபார்க்கவும் பத்திரப்படுத்தவும் தந்திருந்த பொருள்களை யார் யாரிடம் சேர்ப்பது என்று ஒரு வரிசை. அடுத்தவன் பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் போகக் கூடாது என்பதில் அப்படி ஒரு கண்டிப்பு.

யாங் ஜியாங், சியான் ஜோங்ஷுவின் மனைவி. செர்வான்டிஸின் 'டான் கிஹோட்டே'யை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். ஆங்கிலம் வழி, பிரெஞ்சு வழி செய்திருக்கலாம், இரண்டும் தெரியும். அதற்கு மனம் ஒப்பாமல் ஐம்பதை நெருங்கும் வயதில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார். 1966-ல் கைப்பிரதியைப் பிடுங்கிக்கொண்டு அவரைக் கழிப்பறை கழுவ விட்டார்கள். கைப்பிரதி சில ஆண்டுகளில் கைக்கு வந்தது. படிப்பாளிகளை உடலுழைப்புக்கு அனுப்பிய ஹெனான் முகாமிலிருந்து திரும்பியதும் செய்ததைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். 1978-ல் வெளிவந்தது. முகாம் அனுபவத்தை அவர் எழுதிய சின்னப் புத்தகத்தின் தலைப்பு, ஷென் ஃபூவின் அந்த 'ஆறு அத்தியாயங்க'ளைத் தழுவியது. ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்த மாட்டார்.

மு டான் நல்ல கவிஞர். 1942-ல் பர்மா போர்முனையில் காட்டுக்குள் பட்டினியோடு பின்வாங்கிய படையில் மொழிபெயர்ப்பாளராக இருந்து உயிர் தப்பியவர். சிகாகோவில் படித்துவிட்டு 1953-ல் தானாகவே ஊர் திரும்பினார். 1958-ல் 'வரலாற்று எதிர்ப்புரட்சியாளர்' ஆக்கப்பட்டார். கவிதை எழுதத் தடை, நூலகத்தில் கண்காணிப்பில் எடுபிடி வேலை. இரவில் பைரனின் 'டான் ஜுவான்'. 1977 பிப்ரவரியில் இறந்தார். புத்தகம் வந்தது 1980-ல்.

அரிவாள்மூக்கன்:

இதுல நான் வாதாட ஒண்ணுமில்லை. வாடகைப் பணம் கவருல வெச்சிட்டுப் போன மனுஷன் கிட்ட யார் என்ன வாதாடறது.

ஆனா ஒண்ணு கவனிங்க. இவங்க புத்தகமெல்லாம் யார் அச்சடிச்சா? அரசுப் பதிப்பகம். 1960-கள்ல மஞ்சள் அட்டை, சாம்பல் அட்டைன்னு ரெண்டு வரிசை வந்ததே, அதையும் சொல்லுங்க. 'உள் விநியோகத்துக்கு மட்டும், விமர்சிப்பதற்காக'ன்னு முத்திரை போட்டுக் கட்சி அதிகாரிகளுக்கு மட்டும் கொடுத்தாங்க. இலக்கியம் மஞ்சள், அரசியல் சாம்பல். காமுவின் 'அந்நியன்' 1961, சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' நாவல் 1963, பெக்கெட்டின் 'கோடோ' நாடகம் 1965. அரசுத் திட்டமிடலை எதிர்த்த பொருளாதார அறிஞர் ஹயெக்கின் 'அடிமைத்தனத்துக்குப் பாதை' 1962-ல் வந்துது. கலாச்சாரப் புரட்சி சமயத்துல அதிகாரிங்க வீட்டு அலமாரியிலிருந்து இதெல்லாம் வெளியே கசிஞ்சு, கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பசங்க கையில ராத்திரியோட ராத்திரியா மாறிச்சு. பெய் தாவ் மாதிரிக் கவிஞர்கள் வளர்ந்தது அந்தப் புத்தகங்கள்லதான். லிபரல் கிளப் செய்யாத வேலையைக் கட்சி அச்சகம் செஞ்சிருக்கு. வரலாறு நக்கல் பிடிச்சது.

திண்ணைவாசகன்:

அச்சகம் கட்சியுடையது, உட்கார்ந்து மொழிபெயர்த்தவன் யார் தோழர்? பலபேர் முத்திரை குத்தப்பட்ட படிப்பாளிகள். வேறு வேலை கொடுக்க முடியாது, மொழி தெரியும், உட்கார வைத்தார்கள்.

கூ ஜுன்னை எடுத்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரர், ஷாங்காயின் நிதித்துறையை நடத்தியவர். இரண்டு முறை வலதுசாரி முத்திரை வாங்கிய அபூர்வப் பிறவி, 1957-லும் 1965-லும். இவர் ஷும்பீட்டரின் முதலாளித்துவம்-சோஷலிசம்-ஜனநாயகம் நூலை மொழிபெயர்த்தார். மனைவி தற்கொலை செய்துகொண்டார், பிள்ளைகள் உறவை முறித்துக்கொண்டார்கள். அந்த நிலையில் நூலகத்துக்கு ரொட்டித் துண்டோடு போய், கிரேக்க நகர அரசுகளைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்தார். புரட்சி வென்ற மறுநாள் என்ன நடக்கிறது என்ற கேள்வியைத் தம்பிக்குக் கடிதமாக எழுதினார். 1974-ல் புற்றுநோயில் இறந்தார். அந்தக் குறிப்புகள் 1990-களில் வெளிவந்தபோது படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். இவ்வளவு காலம் ஒருத்தர் தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாரா என்று.

ஹயெக் பற்றிச் சொன்னதால் மறுகரையையும் சொல்லிவிடுகிறேன். அதே புத்தகத்தை யின் ஹைகுவாங் 1953-ல் தைவானில் 'சுதந்திரச் சீனா' இதழில் தொடராகத் தந்தார், இடையிடையே தன் கருத்தையும் நுழைத்து. பதிப்பாளர் பெயராக ஆரம்பத்தில் ஹூ ஷி பெயர், நடத்தியவர் லெய் ஜென். 1954-ல் ஹூ ஷி அந்தப் புத்தகத்தை வைத்து ஒரு தேநீர்க் கூட்டத்தில் பேசினார். பீஜிங்கில் கண்டிப்பதற்காக, தைபேயில் பாராட்டுவதற்காக, இரண்டு சீனாக்களிலும் ஹயெக். தைபேயிலும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. 1960 செப்டம்பரில் தைவானை ஆண்ட சியாங் கை-ஷேக் லெய் ஜென்னைப் பிடித்துப் பத்தாண்டு உள்ளே போட்டார், இதழையும் மூடினார்.

அரிவாள்மூக்கன்:

அப்போ ஹூ ஷி என்ன பண்ணினார்? சிறைக்குப் போய் ஒரு தடவை பார்த்தாரா?

திண்ணைவாசகன்:

பார்க்கவில்லை. சியாங்கிடம் நேரில் பேசினார், பலிக்கவில்லை. லெய் ஜென்னின் 65-வது பிறந்தநாளுக்கு, யாங் வான்லி என்ற சோங் காலக் கவிஞரின் பாட்டொன்றைக் கையால் எழுதிச் சிறைக்கு அனுப்பினார். ஆயிரம் மலைகள் வழிமறித்தும் ஓடை எப்படியோ அடுத்த ஊருக்குப் போய்ச் சேருகிற பாட்டு. 1962 பிப்ரவரியில் தைவானின் உயர் ஆய்வு நிறுவனமான அகாதெமியா சினிகா விருந்தில் பேசி முடித்த கையோடு விழுந்து இறந்தார். கவிதை போதாது என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? லெய் ஜென்னின் நண்பர்களில் பலரும் அதைத்தான் சொன்னார்கள்.

தேக்காக்காரன்:

சிங்கப்பூர்லேருந்து ஒரு பின்குறிப்பு. லின் யூடாங்கை இங்கே பழைய சீனர்கள் வேற மாதிரி ஞாபகம் வெச்சிருக்காங்க.

1950-கள்ல இங்கத்த ஹொக்கியன் சங்கத் தலைவர் டான் லார்க் சை, தென்கிழக்காசியச் சீனர்களுக்குன்னு நான்யாங் பல்கலைக்கழகம் கட்டினார். டிரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டினவங்க ஒரு நாள் வரும்படியைக் கொடுத்தாங்க. அதுக்கு முதல் தலைவரா நியூயார்க்லேருந்து லின் யூடாங்கை 1954-ல் கூட்டிவந்தாங்க. வந்ததும் பட்ஜெட் சண்டை. அவருக்கு உலகத்தரம் வேணும், கம்யூனிசத்துக்கு எதிரான கோட்டையா இருக்கணும். இவங்களுக்குச் சீன மொழியில படிக்க ஒரு இடம் வேணும். 1955 ஏப்ரல்ல தன் ஆட்களோட ராஜினாமா. அவங்களுக்குக் கொடுத்த ஈட்டுத்தொகை 3 லட்சம் டாலருக்கு மேல. டான் லார்க் சை சொந்தக் கையிலேருந்து கொடுத்தார். டிரைஷாக்காரர் காசுல கை வைக்க மனசு வரல.

எங்க புளோக்ல இருந்த சீனத் தாத்தா ஒருத்தர் லின் பேரைச் சொன்னாலே உதட்டைப் பிதுக்குவார். அவர் புத்தகத்தை மட்டும் அலமாரியில வெச்சிருந்தார்.

கொக்குவில்பெடியன்:

1976க்குப் பிறகு இதெல்லாம் திரும்பி வந்ததோ?

மேசைவிளக்கு:

வெள்ளமாக வந்தது. 1979 ஏப்ரலில் 'துஷு' இதழின் முதல் எண்ணிலேயே, படிப்பதற்குத் தடைசெய்யப்பட்ட பகுதி கிடையாது என்று தலைப்புப் போட்டு லி ஹோங்லின் எழுதினார். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும், அன்றைக்கு அதற்கு எதிர்ப்பும் மிரட்டலும் குவிந்தன. 1984-ல் ஜின் குவான்தாவ் குழுவின் 'எதிர்காலத்தை நோக்கி' வரிசை. கொஞ்சம் பின்னால் கான் யாங் குழு. அவர்கள் வழியாக ஹைடெக்கரின் 'இருப்பும் காலமும்' 1987-ல் வந்தது. அவ்வளவு கடினமான புத்தகத்தை வாங்க மாணவர்கள் முண்டியடித்தார்கள். புரிந்ததா என்பது வேறு விஷயம்.

வெளியே போகிற திசையிலும் ஒருவரைச் சொல்லாமல் விடக் கூடாது. யாங் ஷியான்யி, மனைவி கிளாடிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் சந்தித்து, சீனாவுக்கே வந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள். அரசு அந்நிய மொழிப் பதிப்பகத்துக்காக மாதச் சம்பளத்தில், கொடுத்ததையெல்லாம் ஆங்கிலமாக்கினார்கள், லூ சுன் உட்பட. 1968-லிருந்து நான்கு ஆண்டு இருவருக்கும் தனித்தனிச் சிறை. வெளியே வந்து 'செவ்வறைக் கனவு' என்ற பழைய பெரும் நாவல் முழுவதையும் முடித்தார்கள். 1989 ஜூனில் தியானன்மென் கொலைகளை பிபிசியில் பகிரங்கமாகக் கண்டித்தவர் இந்த யாங் ஷியான்யி. அப்போது அவருக்கு 74 வயது, கட்சி உறுப்பினர் வேறு.

அரிவாள்மூக்கன், இவர் எந்தத் திசை, எந்தக் கட்சி என்று நீங்களே சொல்லுங்கள்.

அரிவாள்மூக்கன்:

இவரை எங்க கணக்குல எழுதிக்கிறேன் அக்கா. லூ சுன்னை உலகத்துக்குக் கொண்டுபோனவர். ஜூ ஷெங்ஹாவையும் எங்க பக்கமே தள்ளுங்க, கூலிக்கு வேலை பார்த்த தொழிலாளி அவர். லின் யூடாங்கைத் திண்ணைவாசகன் வெச்சுக்கட்டும்.